திங்கட்கிழமை மட்டும் எழுந்திரிக்காத கம்ப்யூட்டர்: பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் வரும்வரை உள்ளே என்னதான் நடக்கிறது?

எடைமேடை_காங்கேயம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு எடை மேடை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது சீட்டும் கணக்கும் நான் பார்க்கிறேன். கொப்பரை, தேங்காய்த் தொட்டி, நெல், கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். லாரி மேடையில் ஏறினால் எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எண் வரும். நான் வண்டி நம்பரைத் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன்.

கம்ப்யூட்டர் 2012இல் வாங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் எஸ்எஸ்டி, அதாவது வேகமான புது வகை டிஸ்க், போட்டோம். பழைய ஹார்ட் டிஸ்கையும் எடுக்காமல் உள்ளேயே வைத்திருக்கிறோம், பழைய சீட்டுக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூன்று மாதமாக ஒரு தொந்தரவு. திங்கட்கிழமை காலையில் ஆன் செய்தால் கருப்பு ஸ்கிரீனில் "பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்" என்று வந்து நின்றுவிடுகிறது. முதல் தடவை அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு "எம்ஜிஆரைக் காணோமாமா, எங்கே போனாரு?" என்றார். அன்று சிரித்தோம். இப்போது வெளியே நாலு லாரி நிற்கும்போது சிரிப்பு வருவதில்லை. மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை, சட்டென்று வந்துவிடும்.

ஒருவர் வந்து விண்டோஸ் போய்விட்டது என்று ஃபார்மேட் போட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. இன்னொருவர் எஸ்எஸ்டியே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன எஸ்எஸ்டி செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி வேலை செய்யும்?

அதனால் "இதை மாத்து, அதை மாத்து" என்று சொல்வதைவிட, பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன என்ன வரிசையில் நடக்கிறது என்று யாராவது புரியும்படி சொன்னால் நல்லது. நான் பி.காம். தான் படித்தேன். ஆனால் சொன்னால் புரிந்துகொள்வேன்.


திருப்பூர்_கட்டிங்_மாஸ்டர் எழுதியது:

எஸ்எஸ்டி போச்சுங்க. எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான் ஆச்சு. புதுசு போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.


காயில்கடை_அவிநாசி எழுதியது:

அம்மிணி, எஸ்எஸ்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை பற்றி நீங்கள் கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவீர்களா? அதற்குப் பதில் எழுதுங்கள். அதுவரை கேட்டதைச் சொல்கிறேன்.

நான் இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தாலும் கை பழகினது மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில். எதைப் பார்த்தாலும் எனக்குப் பம்புசெட்டாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தி விரலை எடுத்துவிடுகிறோம், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் அந்தப் பட்டன் வழியாகப் போவதில்லை. பட்டன் உள்ளே இருக்கும் காயிலுக்குச் சேதி சொல்கிறது, காயில் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் பட்டனும் அதே ஜாதிதான். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்ட நிமிஷத்திலிருந்தே, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஊதா ஒயரில் 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த 5 வோல்ட்டில்தான் போர்டு ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. இதை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும். பட்டனை அழுத்தினால் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரைக் கருப்போடு, அதாவது எர்த்தோடு, சேர்க்கிறது. அப்போதுதான் 12, 5, 3.3 என்று மூன்று வோல்ட்டும் புறப்படும்.

புறப்பட்ட உடனே பிராசசர் வேலையைத் தொடங்கிவிடாது. மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் மோட்டாரை ஓடவிடாமல் தடுக்க ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் வைக்கிறோம் அல்லவா? இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. மூன்று வோல்ட்டும் ஆடாமல் நின்றபிறகு, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடிக்குள், எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று ஒரு சிக்னல் கொடுக்கும். அது வந்தால்தான் பிராசசரின் கழுத்தில் வைத்த பிடியைப் போர்டு விடும். ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை என்று வரும் கேஸ்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இனிமேல்தான் சுவாரசியம். பிராசசருக்குத் தானாக எதுவும் செய்யத் தெரியாது, யாராவது எழுதி வைத்த கட்டளையை வரிசையாக நிறைவேற்ற மட்டும் தெரியும். விண்டோஸ் டிஸ்கில் இருக்கிறது. அதை டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை எங்கிருந்து எடுப்பது? அதற்கும் ஒரு புரோகிராம் வேண்டுமே!

நான் பன்னிரண்டு வயதில் கிணற்றடியில் நின்று இதே கேள்வியைத்தான் கேட்டேன். எங்கள் அப்பாரு 5 ஹெச்பி மோனோபிளாக் வைத்திருந்தார். ஃபுட்வால்வு ஒழுகினால் ராத்திரியே பைப்பிலிருக்கும் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டார் போட்டால் சும்மா சுற்றும், ஒரு சொட்டு வராது. "போய் ரெண்டு குடம் தண்ணி கொண்டா" என்பார். தண்ணீர் எடுக்கிற மிஷினுக்கே தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் பம்பு தண்ணீரைப் பிடிக்கும். கூடவே ஓட்டை அடையட்டும் என்று சாணி கரைத்த தண்ணீரையும் ஊற்றுவார், அது தனி வித்தை.

ஃபுட்வால்வு நன்றாக இருந்தால் நேற்றைய தண்ணீர் கொஞ்சம் பைப்பிலேயே நிற்கும். அந்தக் கொஞ்சம்தான் புதுத் தண்ணீரை இழுக்கும். கம்ப்யூட்டரில் அந்தக் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருப்பது போர்டில் இருக்கும் எட்டுக்கால் சிப் ஒன்று. கரண்ட் போனாலும் அதில் எழுதினது அழியாது. அதிலிருப்பதுதான் பயாஸ். பிடி விட்டதும் பிராசசர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முகவரிக்குப் போகும், 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. அது பிராசசரைச் செய்யும்போதே வைத்த பழக்கம். அந்த முகவரியில் கேட்டால் பதில் சொல்வது இந்தச் சிப்தான் என்று போர்டில் ஏற்பாடு செய்திருப்பார்கள்.

பயாஸின் முதல் தலைவலி, ராம் இன்னும் வேலைக்கு ஆகாது. செருகியிருக்கும், ஆனால் எத்தனை ஜிபி, என்ன வேகம் என்று கண்டுபிடித்து அதைப் பதப்படுத்தினால்தான் எழுதலாம், படிக்கலாம். அதைச் செய்யும் புரோகிராமுக்கே கணக்கு எழுதிப் பார்க்க இடம் வேண்டும். அதனால் பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற குட்டி நினைவகத்தையே தற்காலிக ராமாக வைத்து ஒப்பேற்றும். குடம் வருகிறவரை சொம்பு. ராம் தயாரானதும் கீபோர்டு, டிஸ்ப்ளே, டிஸ்குகள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். ராம் சரியாக உட்காராவிட்டால் பீப் பீப் என்று கத்துவது இந்தக் கட்டத்தில். ஸ்கிரீனே வராத நேரத்தில் வேறு எப்படிச் சொல்லும் பாவம்.

எல்லாம் சரி என்றால் பயாஸ் தன் பட்டியலைப் பார்க்கும்: எந்த டிஸ்கை முதலில் கேட்பது? அந்த டிஸ்கின் முதல் செக்டரை, 512 பைட், ராமுக்குக் கொண்டுவரும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் வண்டியை அதன் கையில் கொடுத்துவிட்டுப் பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். 512இல் அந்த இரண்டு பைட் போக, 64 பைட் பார்ட்டிஷன் கணக்குக்கு, அதாவது டிஸ்கை எப்படிப் பாகம் பிரித்திருக்கிறது என்பதற்கு, போய்விடும், புரோகிராமுக்குக் கிடைப்பது 446தான். எவ்வளவு சின்னது தெரியுமா? யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட். 446 பைட்டில் 150 குறிகூடக் கொள்ளாது, நம் அழைப்பிதழ் ஒன்றின் முதல் பத்தி அளவு. அந்த இடத்தில் பெரிதாக என்ன செய்ய முடியும்? "ஆக்டிவ்" என்று குறி போட்ட பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து அதன் முதல் செக்டரை எடுத்து ஓட்டும். அந்தச் செக்டர் பூட்எம்ஜிஆர் என்ற ஃபைலைத் தேடும். எம்ஜிஆர் என்பது மேனேஜர் என்பதன் சுருக்கம், உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் வந்தால் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் மையப் பகுதியான கெர்னலை ஏற்றுவார், ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர் புரோகிராம்கள் வரும், பாஸ்வேர்டு கேட்கும் ஸ்கிரீன் வரும். அந்தப் பகுதி நீளம், உங்கள் தொந்தரவு அதுவரை போகவே இல்லை.

இப்போது உங்கள் ஸ்கிரீனைப் பாருங்கள். "மிஸ்ஸிங்" என்று சொன்னது யார்? பயாஸ் அல்ல. அந்த வாசகம் எழுதி வைத்திருப்பது டிஸ்கில், விண்டோஸ் பார்ட்டிஷனின் முதல் பகுதியில். அப்படியென்றால் கரண்ட் சரி, ராம் சரி, பயாஸ் சரி, ஏதோ ஒரு டிஸ்கும் நன்றாகப் பேசுகிறது. பேசினது எந்த டிஸ்க்? என் சந்தேகம் பழைய ஹார்ட் டிஸ்கின் மேல். எஸ்எஸ்டி போடும்போது அதன் சி டிரைவை ஃபார்மேட் செய்திருப்பார்கள். ஃபைல் போகும், "ஆக்டிவ்" குறி போகாது. ஆள் இல்லாத வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிற மாதிரி.

மெயின் சுவிட்ச் விஷயம் எழுதுங்கள்.


எடைமேடை_காங்கேயம் எழுதியது:

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். ஆமாங்ணா, சனிக்கிழமை சாயங்காலம் மெயினை இறக்கிவிட்டுத்தான் போவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி விழுந்து எடை காட்டும் பெட்டி போய்விட்டது, அதிலிருந்து அப்பா அப்படித்தான். மற்ற நாட்களில் ராத்திரியும் வண்டி வரும் என்பதால் இறக்க மாட்டோம்.

இன்னும் ஒன்று இப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு புதன்கிழமையும் இதே மாதிரி ஆனது. அன்று பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இல்லை. எங்கள் யுபிஎஸ் இருபது நிமிஷம்தான் தாங்கும்.

எம்ஜிஆர் வாசகத்துக்கு முன்னால் "எஃப்1 அழுத்து" என்று ஏதோ இங்கிலீஷில் வரும், நான் அழுத்திவிடுவேன். முக்கியமில்லை என்று நினைத்து எழுதவில்லை. பக்கத்து ஆயில் மில் தம்பி வந்து டெலிட் கீயை அழுத்தி நீல ஸ்கிரீனுக்குள் போய் எதையோ மாற்றிக் கொடுப்பார், ஓடும். ஆனால் அன்றைக்குச் சீட்டில் தேதி 01.01.2012 என்று விழும். இ-வே பில் பக்கமும் திறக்காது, கடிகாரம் தப்பு என்று பிரவுசர் சொல்லும்.


காயில்கடை_அவிநாசி எழுதியது:

அம்மிணி, முதல் பதிவிலேயே தேதியை எழுதியிருந்தால் நான் கிணற்றடி வரைக்கும் போயிருக்க மாட்டேனே!

போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு செல் இருக்கும். பெயர் சிஆர்2032. 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் ஒரு கிரிஸ்டல் உண்டு. அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் கடிகாரத்தை ஓட்டுவதும், உங்கள் போர்டு மாதிரி பழசுகளில் பயாஸ் செட்டிங்கைப் பிடித்து வைப்பதும் அந்தச் செல்.

அது செத்துவிட்டது. ஆனால் மெயின் இருக்கிறவரை ஊதா ஒயரின் 5 வோல்ட் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, அதனால் செவ்வாயிலிருந்து சனிவரை யாருக்கும் தெரியவில்லை. மெயினை இறக்கினீர்கள், இரண்டும் இல்லை. கடிகாரம் பிறந்த தேதிக்குப் போனது. "எந்த டிஸ்கை முதலில் கேட்பது" என்ற பட்டியலும் மறந்தது. மறந்தால் பயாஸ் முதல் போர்ட்டில் இருப்பதைக் கேட்கும், அங்கே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அது எம்ஜிஆரைக் காணோம் என்று சொல்லத்தான் செய்யும். அந்த எஃப்1, அதுதான் அம்மிணி போர்டு உங்களிடம் அழுதது.

செய்ய வேண்டியது: மெயினை இறக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செல்லை மாற்றுங்கள், கூட்டல் குறி மேலே. எங்கள் பக்கம் நாற்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெட்டி திறந்திருக்கும்போதே எஸ்எஸ்டியின் கேபிளை முதல் சாட்டா போர்ட்டுக்கு, அதாவது போர்டில் டிஸ்க் கேபிள் செருகும் முதல் இடத்துக்கு, மாற்றி, பழைய டிஸ்கை இரண்டாவதுக்குத் தள்ளிவிடுங்கள். இனி எப்போதாவது செல் செத்தாலும் பயாஸ் மறதியில்கூட எஸ்எஸ்டியைத்தான் முதலில் கேட்கும். அப்புறம் நீல ஸ்கிரீனில் தேதி, பட்டியல் இரண்டையும் ஒருமுறை சரி செய்து போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


பீளமேடு_பெங்குயின் எழுதியது:

காயில்கடை அண்ணா, பம்புசெட் விளக்கம் அருமை. ஆனால் இரண்டு இடத்தில் மறுப்பு உண்டு.

பிராசசர்தான் முதலில் விழிக்கிறது என்பது போல எழுதிவிட்டீர்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடத்துப் போர்டுகளில் அதற்கு முன்பே இன்னொரு குட்டி பிராசசர் விழித்துவிடும். இன்டெலில் அது சிப்செட்டுக்குள், ஏஎம்டியில் பிராசசருக்கு உள்ளேயே. அது தன் புரோகிராமை ஓட்டி முடித்துச் சம்மதம் கொடுத்தபிறகுதான் நீங்கள் சொல்லும் அந்த 16 பைட் முகவரிக்கே வேலை.

அடுத்தது, இப்போது வாங்குகிற கம்ப்யூட்டர்களில் 512 பைட் நாடகம் கிடையாது. யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் பயாஸுக்கே ஃபேட்32 பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும். அதில் இருக்கும் ஒரு .இஎஃப்ஐ ஃபைலை நேராக எடுத்து ஓட்டிவிடும். பழைய பார்ட்டிஷன் கணக்கு ஏறக்குறைய 2 டிபிக்கு மேல் எண்ணாது என்பதும் அதைக் கைவிட ஒரு காரணம். தங்கச்சியின் போர்டில் பழைய முறை ஓடுகிறது, அதனால் விளக்கம் அவருக்குச் சரி. புதுசு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 55 ஏஏ தேடி அலைய வேண்டாம்.


காயில்கடை_அவிநாசி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அந்தக் குட்டி ஆளைச் சேர்த்தால் பம்புக்குப் பம்பு வைக்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்புதான்.


பல்லடம்_தறி எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம் அண்ணா. எங்கள் தறிக்குடோன் கம்ப்யூட்டரில் பிரிண்டர் அடிக்கடி மக்கர் செய்யும். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தால் அப்படியே இருக்கிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிறது. இரண்டும் ஒன்றுதானே?


காயில்கடை_அவிநாசி எழுதியது:

ஒன்று இல்லைங்க. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்த புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். மறுபடி ஆன் செய்தால் அதையே எடுத்து விரிக்கும். வெசையாக வரட்டும் என்று செய்த ஏற்பாடு. மக்கர் செய்த டிரைவரும் மக்கரோடேயே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாக. பவர் ஆப்ஷனில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அந்தச் செட்டிங்கே கண்ணில் படவில்லை என்றால் ஹைபர்னேட் அணைந்திருக்கிறது, அப்போது கோளாறு வேறு, தனியாகப் பதிவு போடுங்கள்.


எடைமேடை_காங்கேயம் எழுதியது:

அண்ணா, வெள்ளிக்கிழமை செல் மாற்றினேன். நானேதான். அப்பா டார்ச் பிடித்தார். செல்லைச் சுற்றி மூன்று மாதத்துத் தேங்காய் மட்டைத் தூசி. பழைய செல்லைப் பக்கத்து மோட்டார் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம், 1.1 வோல்ட்தான் காட்டியது. கேபிளையும் மாற்றிவிட்டேன். முதல் போர்ட்டில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது, நீங்கள் சொன்னபடியே.

சனிக்கிழமை வழக்கம்போல் மெயினை இறக்கினோம். இன்று காலை ஏழு மணிக்கு முதல் லாரி, வெள்ளகோவில் பக்கத்து மக்காச்சோளம். பட்டனை அழுத்திவிட்டு எஃப்1 வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. அப்பா வாசலிலிருந்தே "என்ன கண்ணு, எம்ஜிஆர் வந்துட்டாரா?" என்றார். சீட்டில் இன்றைய தேதி விழுந்தது.

இனி 2012 தேதியில் கொடுத்த சீட்டு முப்பத்தொன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் வாங்கினதற்கு முன்னாடியே எடை போட்ட மாதிரி. ஒவ்வொரு மில்லாகக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுக்க வேண்டும்.